வீடு வீடாகப் போன குரல்

தொண்ணூறுகளின் நடுவில், தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்த பாரலல் காலேஜில் நான் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களும், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களும் அங்கே வந்து பாடம் கேட்பார்கள். பல்கலைக்கழகத் தேர்வைத் தனியாகப் பதிவு செய்து எழுதுவார்கள். திருவனந்தபுரத்தில் அப்போது அப்படிப்பட்ட இடங்கள் நிறைய இருந்தன. எங்கள் கட்டடத்தில் கீழே ஒரு ஹோட்டல், நடுவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், மேலே நாங்கள். சாம்பார் வாசனையும் தட்டச்சு ஒலியும் ரயில் அறிவிப்புகளும் படியேறி வந்து, பெயர் பதியாத மாணவர்களைப் போலக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வகுப்பில் என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண் படித்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். கணவர் கட்டட வேலைக்காக இங்கே வந்தபோது கூடவே வந்தவர், ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தார். இரண்டு பிள்ளைகள். விட்டுப்போன பி.ஏ.வை முடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவர் தன்னைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் துணிப்பையிலிருந்து ஒரு சின்ன டேப் ரெக்கார்டரை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"டீச்சர், ஒரு காரியம் கேக்கட்டா? லாட்ஜுல ஷிப்ட் மாறி மாறி வருது. பாதி கிளாஸ் விட்டுப்போவுது. இதுல பிடிச்சு வச்சுக்கிடட்டா? நான் வரலேன்னாலும் பக்கத்துல இருக்க பிள்ள பட்டன அமுக்கிக்கிடும்."

"ரெக்கார்டா? என் குரலையா?" என்றேன்.

"உங்க குரல இல்ல டீச்சர், பாடத்த."

எனக்குச் சிரிப்பு வந்தது. குரலையும் பாடத்தையும் அப்படித் தனித்தனியாகப் பிரித்து நான் அதுவரை யோசித்ததில்லை. தாராளமாகச் செய்துகொள்ளுங்கள் என்று சொன்னேன். மறுநாளிலிருந்து சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் அந்த ரெக்கார்டரும் இருந்தது. சிவப்புப் புள்ளியாக ஒரு விளக்கு அதில் எரியும். முதல் சில நாட்கள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினேன். பிறகு மறந்துபோனேன்.

மழைக்காலத்தில் ஒரு மதியம் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை நடத்திக்கொண்டிருந்தேன். விஷயம் எளிது. வேண்டிய ஒரு பொருள் அடுத்தடுத்துக் கிடைக்கக் கிடைக்க, ஒவ்வொரு முறையும் அது தரும் இன்பம் முன்னதைவிடக் குறைந்துகொண்டே போகும். புத்தகத்தில் ஆப்பிள் பழத்தை உதாரணமாகப் போட்டிருந்தார்கள். அந்த வகுப்பில் அடுத்தடுத்து ஆப்பிள் தின்றவர்கள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. வெளியே மழை ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கரமனையாறு ஞாபகத்தில் வந்தது. எங்கள் தெரு போய் முடியும் கடவு, படித்துறை. மேட மாதத்து, அதாவது சித்திரை வெயில். அதில் வெந்து வந்து தண்ணீரில் போடும் முதல் முங்கு.

வகுப்பு எடுப்பது மலையாளத்தில்தான். ஆனால் ஆற்றைப் பற்றிப் பேசும்போது என் நாக்கு வீட்டுக்குப் போய்விடும். முதல் முங்கு சொர்க்கம் என்றேன். இரண்டாவது சுகம். மூன்றாவது பரவாயில்லை. நாலாவதில் விரல்நுனி சுருங்க ஆரம்பிக்கும். ஐந்தாவதில் காது அடைத்துக்கொள்ளும், பல் கிட்டும், மனசு "போறும்" என்று சொல்லும். அந்தப் "போறும்" வருகிற இடம்தான் இறுதிநிலைப் பயன்பாடு பூஜ்யமாகிற இடம். அதற்கு மேலும் முங்கினால் ஜலதோஷம்தான்.

மலையாளத்தில் "மதி" என்று சொல்லியிருக்க வேண்டும். அக்ரஹாரத்து வீடுகளில் சாதம் பரிமாறும்போது கையை நீட்டிச் சொல்கிற "போறும்" வந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. அர்த்தம் எல்லோருக்கும் விளங்கியிருந்தது. சாரல் அடித்ததால் ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தேர்வுக்கு முந்தைய மாதங்களில் ஒரு சாயங்காலம். அப்போதெல்லாம் லோட் ஷெட்டிங் உண்டு. முன்னிரவில் அரை மணி நேரம் கரண்ட் போய்விடும். பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் தெருவுக்குள் திரும்பும்போதே விளக்குகள் அணைந்தன. மழை விட்டிருந்தது. ஓட்டு வளைவுகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளின் ஜன்னல்களுக்குப் பின்னால் மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாய் எழுந்தன. ஒரு ஜன்னலைக் கடக்கும்போது உள்ளே ஒரு பெண் மெதுவாக, நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள். சித்தி குரல் மாதிரி இருக்கிறதே, ஊரிலிருந்து வந்துவிட்டாளா என்று நினைத்தேன். இரண்டடி நடந்த பிறகுதான் சித்தி எதற்குத் தேவையையும் அளிப்பையும் பற்றிப் பேசப் போகிறாள் என்று தோன்றியது.

நின்றேன். என் குரல்.

தன் குரலை வெளியிலிருந்து கேட்டவர்களுக்கு அந்தக் கணம் புரியும். எனக்குள் நான் கேட்கும் குரல் இன்னும் கனமானது, கொஞ்சம் தயங்குவது. இந்தக் குரலுக்குத் தயக்கமே இல்லை. எனக்குத் தெரியாததெல்லாம் அதற்குத் தெரியும்போல இருந்தது. கரண்ட் இல்லாததால் படிக்க முடியாமல், யாரோ ஒரு பிள்ளை பேட்டரியில் கேசட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. என்னிடம் படிக்கிற யாரும் அந்த வீட்டில் இல்லை.

தெருவின் நடுப்பகுதிக்கு வந்தபோது எதிர்வரிசையில் இன்னொரு ஜன்னல். அங்கேயும் நான். ஆனால் வேறு பாடம். முதல் வீட்டில் விலை ஏறிக்கொண்டிருந்தது, இங்கே பணவீக்கம். இரண்டுக்கும் நடுவில், ஈரத் தரையில், குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். இரண்டு குரல்களும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருட்டில் அலைந்தன. ஒரு பக்கத்தில் நான் கேள்வி கேட்க, மறுபக்கத்தில் நானே வேறெதற்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பயமா, கூச்சமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கனவில் நம்மையே தூரத்தில் பார்ப்போமே, அப்போது அவளைக் கூப்பிடத் தோன்றாதே, அப்படி இருந்தது. கரண்ட் வந்தது. தெரு முழுவதும் சட்டென்று வெளிச்சமாகி, டிவிக்கள் பேச ஆரம்பித்தன. நான் அடங்கிப்போனேன்.

மறுநாள் தம்பானூரில், பரீட்சை நோட்ஸ் விற்கும் போட்டோஸ்டாட் கடைகளாக விசாரித்துக்கொண்டு போனேன். மூன்றாவது கடையில் கேசட்டுகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பி.ஏ. எகனாமிக்ஸ் இருக்கிறதா என்றேன்.

"உண்டல்லோ. பைனல் இயர்தானே? இது எடுத்துக்கோ மேடம். நல்ல டீச்சர், கேட்டோ. ஒரு தவண கேட்டா மதி, மனசிலாவும்" என்று தமிழும் மலையாளமுமாகச் சொன்னார் கடைக்காரர்.

"யார் இந்த டீச்சர்?"

"அதொண்ணும் அறியாது. எங்கேயோ ஒரு காலேஜ். வேணும்னா போட்டுக் காட்டறேன்."

போட்டுக் காட்டினார். அவர் முன்னால் நின்று என்னையே நான் கேட்டேன். அவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. கேசட் உறையில் கடையின் பெயர் பெரிதாக இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. உறையின் அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை: இதை நகலெடுப்பது குற்றம்.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் சிரிப்பாக மாறி, மறுபடி கோபமாயிற்று. ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டேன். எதைச் சொல்லிச் சண்டை போடுவது? குரல் என்னுடையது என்றா? அதை நிரூபிக்க அங்கேயே நின்று பாடம் நடத்த வேண்டியிருந்திருக்கும்.

லாட்ஜுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

"ஐயோ டீச்சர், சத்தியமா நான் கடைக்குக் குடுக்கல. பரிச்சைக்கின்னு ஒரு பிள்ள கேட்டா, குடுத்தேன். அவ கூட்டுக்காரிக்குக் குடுத்திருக்கா. அது எங்கெங்கயோ போயிருக்கு. நான் போயி அந்தக் கடைல சண்ட போடட்டா?"

"வேண்டாம். நீங்க என்ன பண்ணுவீங்க" என்றேன்.

காலேஜை நடத்தியவரை நாங்கள் பிரின்சிபல் என்று அழைப்போம். செய்தி அவர் காதுக்கும் எட்டிவிட்டது. அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். அவர் வேறு கணக்கில் இருந்தார். கடைக்காரன் விற்கும்போது நாம் ஏன் விற்கக்கூடாது, காலேஜ் பெயரில், ஒழுங்கான ஸ்டுடியோவில் ரெக்கார்ட் செய்து? "குரல் டீச்சருடையது. சரி. ஆனா கிளாஸ் என்னுடையதல்லவா?" என்றார். நல்ல மனிதர்தான். உண்மையிலேயே அப்படி நம்பினார்.

பூஜப்புரைப் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்கு என்னை அனுப்பினார். சுவரெங்கும் பஞ்சு ஒட்டிய ஒரு அறை. முகத்துக்கு நேரே மைக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கையை அசைத்தார். நான் அதே விதியை ஆரம்பித்தேன். ரயில் இல்லை, மழை இல்லை, நோட்டில் எதையோ கிறுக்கியபடி என்னைப் பார்க்காமல் பார்க்கிற கண்கள் இல்லை. முதல் முங்கு வரை சொன்னேன். யாருக்குச் சொல்கிறேன் என்று தெரியாமல் நின்றுபோனேன். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அன்று பதிவானதைக் கேட்டுவிட்டுப் பிரின்சிபலே, "இது செய்தி வாசிக்கிறது போல இருக்கு" என்று அந்த யோசனையைக் கைவிட்டார்.

தேர்வு வந்தது, முடிந்தது. நானும் கேசட்டை மறந்துவிட்டேன்.

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வலியசாலையிலிருந்து அத்திம்பேர் வந்தார். என் அக்காவின் கணவர். ஒரு கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர். அந்த வருடம் விடைத்தாள் திருத்தும் முகாமில் தலைமைப் பொறுப்பில் இருந்தார். மனிதர் கறார். மகனுக்கே ஒரு மார்க் கூடுதலாகப் போடமாட்டார் என்று அக்கா பெருமையும் அலுப்புமாகச் சொல்வாள். காபியைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"ஏண்டி, ஒரு விஷயம் கேக்கணும். மலையாளத்துல எழுதின பேப்பர்ல 'போறும்'னு எழுதுவாளா யாராவது?"

"எங்கே பார்த்தேள்?"

"கேம்ப்புல ஆக்கும். கட்டுக் கட்டா வரது. ஆத்துல முங்கற கதை. அஞ்சாவது முங்குல 'போறும்'. ஒருத்தன் 'ஜன்னல் சாத்துக'ன்னு நடுவுல எழுதியிருக்கான். எல்லாருக்கும் ஒரே ஆறு, ஒரே முங்கு. ஹாலுக்குள்ள துண்டுச்சீட்டு போயிருக்கு. நாளைக்கு மாஸ் காப்பின்னு ரிப்போர்ட் எழுதப்போறேன். கூடத் திருத்தறவாளுக்கு அந்த வார்த்தை புரியலை. எனக்குப் புரிஞ்சுது. நம்மாத்து வார்த்தையாச்சே, அதான் மனசுக்குள்ள கிடந்து குடையறது."

ஜன்னல் சாத்துக. அதைக் கேட்டதும் எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அத்திம்பேர் முறைத்தார். நான் எழுந்துபோய், லாட்ஜுக்காரப் பெண் முன்பு எனக்காகப் பிரதியெடுத்துத் தந்திருந்த கேசட்டைக் கொண்டுவந்து, கூடத்தில் இருந்த டேப்பில் போட்டேன்.

முதலில் மழை வந்தது. எங்கள் கூடத்தில், காய்ந்த மத்தியானத்தில், மழை. தூரத்தில் ஏதோ ஒரு ரயில் எத்தனை மணிக்கு எந்த மேடைக்கு வரும் என்று ஒரு பெண் சொன்னாள். பிறகு நான். அத்திம்பேர் காபியைக் கீழே வைத்தார். முதல் முங்கு, இரண்டாவது முங்கு. "போறும்" வந்தபோது வகுப்பின் சிரிப்பும் வந்தது. "ஜன்னல் சாத்து" என்றேன் நான், டேப்பிலிருந்து. தாழ்ப்பாள் விழும் சத்தம்கூடக் கேட்டது.

அவர் எட்டி டேப்பை நிறுத்தினார்.

"அப்போ யாரும் யாரைப் பார்த்தும் எழுதலை" என்றார்.

"இல்லை. எல்லாரும் என்னைக் கேட்டு எழுதியிருக்கா. அவாவா ஆத்துல உட்கார்ந்துண்டு."

"காதால கேட்டு மனப்பாடம் பண்ணினாலும் மனப்பாடம்தானே? ஜன்னல் சாத்துகன்னு எழுதினவனுக்கு என்ன புரிஞ்சிருக்கும்?"

"அவனுக்குப் புரிஞ்சிருக்காது. அதுக்காக அவன் திருடனாயிடுவானா? புஸ்தகத்துல இருக்கற ஆப்பிளை அப்படியே எழுதறவாளுக்கு வருஷா வருஷம் மார்க் போட்டுண்டுதானே இருக்கேள், அத்திம்பேர்? ஆப்பிள் அச்சுல இருக்கு, என் ஆறு கேசட்டுல இருக்கு. அவ்வளவுதானே வித்தியாசம்?"

நான் அவரை அப்படி எதிர்த்துப் பேசியது அதுவே முதல் தடவை. உள்ளேயிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அத்திம்பேர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒரு பேப்பர் இருக்கு" என்றார், குரலை இறக்கி. "அதையும் இந்தக் கூட்டத்துல சேர்த்து வச்சிருந்தேன். ஆத்து முங்கு கதையை எழுதிட்டு, 'இது எங்கள் டீச்சர் வகுப்பில் சொன்னது'ன்னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழே, 'என் அனுபவத்தில்'னு இன்னொண்ணு. ராத்திரி முழுக்க ரயில்ல நின்னுண்டே வந்தவன் லாட்ஜுல ரூம் எடுத்துத் தூங்கறான். முதல் மணி நேரத் தூக்கத்துக்கு அவன் எதை வேணும்னாலும் குடுப்பான். அடுத்த மணி நேரம் கொஞ்சம் கம்மி. உச்சிக்கு மேல தூக்கமே பாரமாயிடறது, அவனே எழுந்து கதவைத் திறந்துண்டு நிக்கறான். இத்தனை வருஷமா திருத்தறேன், விடைத்தாள்ல யாரும் எதையும் 'இன்னார் சொன்னது'ன்னு எழுதிப் பார்த்ததில்லை. இது விதிப்படி சரியா தப்பான்னே எனக்குத் தெரியலை."

யாருடைய தாள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதும் தெரியும். பேச்சை மாற்ற இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா என்று கேட்டேன்.

அவர் அந்தக் கேசட்டை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் முகாமில் மற்ற ஆசிரியர்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினாராம். சிலர் சிரித்தார்கள், ஒருவர் கோபப்பட்டார், இப்படியே போனால் காலேஜ் எதற்கு என்று. மாஸ் காப்பி ரிப்போர்ட் போகவில்லை. உதாரணத்தை மட்டும் ஒப்பித்தவர்களுக்கு உதாரணத்துக்கு உரிய மார்க், விதியைச் சொந்தமாக விளக்கியவர்களுக்கு அதற்கும் சேர்த்து என்று முடிவு செய்தார்களாம். இதையெல்லாம் அக்கா பிற்பாடு ஒருநாள் என்னிடம் சொன்னாள். அத்திம்பேர் அதைப் பற்றி மறுபடி என்னிடம் பேசவே இல்லை.

ரிசல்ட் வந்த வாரத்தில் அந்தப் பெண் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம் லட்டு. பாஸாகியிருந்தார், நல்ல மார்க்கோடு. பிள்ளைகள் கூடத்தில் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களுக்கு முறுக்கு எடுக்கப் போனாள்.

"ஒரு பயம் இருந்தது டீச்சர்" என்றார். "உங்க ஆத்து உதாரணத்தையே எழுதிட்டேன். எழுதி முடிச்ச பொறவு மனசு கேக்கல. உங்க பேரு போடக்கூடாதுல்லா, எங்க டீச்சர் சொன்னதுன்னு மட்டும் போட்டேன். தப்பா?"

"ஏன் அப்படிப் போடணும்னு தோணிச்சு?" என்று கேட்டேன். நான் பெரிதாக ஏதோ எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

"பின்ன? நீங்கதானே சொன்னீங்க" என்றார்.

அதற்கு மேல் அதில் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் அடுத்ததற்குப் போய்விட்டார். தபால் வழியில் எம்.ஏ. சேரலாமா, பெரியவன் ஆறாம் வகுப்புக்குப் போகிறான், அவனுக்குக் கணக்கு வரவில்லை, லாட்ஜை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாமா. எம்.ஏ.வுக்கு என்னிடமிருந்த புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சிலவற்றில் என் பெயர் எழுதியிருந்தது, சிலவற்றில் எனக்கு முன்னால் படித்தவர்களின் பெயர். அவர் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, பைக்குள் நிறுத்தி வைத்தார்.

சின்னவள் அதற்குள் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்க ஆரம்பித்திருந்தாள். எல்லோருமாகத் தெருவில் இறங்கி நடந்தோம். கடவில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கரைத் தென்னைகள் தண்ணீரில் தலைகீழாக நின்று ஆடின. "ஆழமா டீச்சர்?" என்றார் அந்தப் பெண், மகள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு. இந்தப் பக்கம் ஆழமில்லை என்றேன். அவர் சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் படியில் இறங்கி, தண்ணீர் காலைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்தபடியே நின்றார்.